லேபர் வார்டு கதவுக்கு வெளியே நின்ற அம்மா: பிரசவத் துணையின் கதை

(நீளமான இழை. பொறுமையா படிங்க.)

1/
நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். ஒரு அரசு மருத்துவமனை, ஊர் பேர் வேண்டாம். ராத்திரி ரெண்டு மணி. பத்தொன்பது வயசுப் பொண்ணு, தலைப்பிரசவம். தீப்பெட்டி ஆபீசுல பெட்டி ஒட்டுற வேலை. காதல் கல்யாணம், சாதி வேற. ரெண்டு வீட்டுப் பக்கமிருந்தும் ஒரு ஆள் வரல. புருஷன்காரன் கதவுக்கு வெளிய. ஆம்பளைங்களுக்கு உள்ள அனுமதி கிடையாது.

2/
வலி ஏற ஏற அந்தப் பொண்ணு கத்தினா. நாங்க என்ன செஞ்சோம்? "சத்தம் போடாத"ன்னு அதட்டினோம். நானும்தான். அப்போ வார்டைத் துடைச்சிட்டு இருந்த துப்புரவுப் பணியாளர் அக்கா, மாப்பைச் சுவத்துல சாய்ச்சு வச்சிட்டு, கையைக் கழுவிட்டு வந்து அவ பக்கத்துல நின்னாங்க. "பயப்படாத தாயி, நான் இங்கனதான் இருக்கேன்." அவ்வளவுதான் சொன்னாங்க. விடியுற வரைக்கும் கையை விடல. காலையில சுகப்பிரசவம்.

3/
அந்த அக்கா அன்னைக்கு செஞ்ச வேலைக்கு உலகம் முழுக்க ஒரு பேர் இருக்கு: 'டூலா'. மருத்துவம் பார்க்கிறவர் இல்லை. ஊசி போடுறவர் இல்லை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதற்குப் பிறகும் அந்தத் தாயோடு கூட இருப்பவர், அவ்வளவே. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குப் பணிப்பெண், அடிமைப்பெண் என்று பொருள். 1970-களில் டேனா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர்தான் இந்தச் சொல்லைப் பேறுகாலத் துணைக்குக் கொண்டுவந்தார்.

4/
ஆனா இந்த யோசனைக்கு நாம கிரேக்கம் வரை போக வேண்டியதில்லை. திருச்சி வரை போனால் போதும்.
தாயுமானவர் கதை தெரியும்தானே? ரத்னாவதிக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து அம்மா வரணும். காவிரியில் வெள்ளம், அம்மா அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தாயும் ஆனவர், தாயுமானவர்.

5/
ஒரு டாக்டராக எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடவுள் நினைத்தால் மேலே இருந்தே சுகப்பிரசவம் ஆக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அம்மா வேஷம் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். வலியெடுத்தவளுக்கு அற்புதத்தைவிட ஆள் துணை முக்கியம் என்று இந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

6/
இப்போ நம்ம கரிசல் பூமிக்கு வருவோம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எழுதாத சட்டம். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு, அப்புறம் அம்மா வீடு. வலி எடுத்தா ஊர் மருத்துவச்சிக்கு ஆள் போகும். அம்மா, சித்தி, மதினி, பக்கத்து வீட்டுப் பெரியாத்தா எல்லாரும் கூடுவாங்க. ஒருத்தி இடுப்பைத் தேய்ப்பா, ஒருத்தி வெந்நீர் வைப்பா, ஒருத்தி முதுகைத் தாங்குவா. பிள்ளைத்தாய்ச்சி நடப்பாள், குந்துவாள், கயிற்றைப் பிடித்துத் தொங்குவாள். மல்லாக்கப் படுத்தே கிடக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்தல.

7/
இதைப் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா பொய்.
கழுவாத அரிவாளிலும் மூங்கில் சீவலிலும் தொப்புள்கொடி அறுத்து எத்தனை பச்சைப்பிள்ளைகள் ரணஜன்னி வந்து செத்திருக்கும்! ரத்தப்போக்கு நிற்காமல், குழந்தை குறுக்கே கிடந்து, ஜன்னி கண்டு செத்த தாய்மார்கள் எத்தனை பேர்! மருத்துவச்சி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ரத்தம் ஏற்ற முடியாது, சிசேரியன் செய்ய முடியாது.

8/
இன்னொரு உண்மையும் இருக்கு. மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில்தான் விழுந்திருக்கும். ஆனால் பிரசவம் முடிந்ததும் தீட்டு என்று ஒதுக்கினார்கள். கூலி கொஞ்சம் தானியம், ஒரு பழைய சேலை. பல ஊர்களில் சேரிப் பெண்களுக்கு இந்த மருத்துவச்சியும் கிடையாது. அவர்களுக்குள்ளேயே ஒரு கிழவி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, துணை என்பது அன்றைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை.

9/
ஆஸ்பத்திரி வந்தது. சென்னை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியின் தொடக்கம் 1844. ஆனால் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று பெண்களை வீட்டிலேயே சாகவிட்ட காலம் அது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பெண் துணை கேட்டதும், டாக்டரான தன் தந்தையை அவர்கள் ஏற்க மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும்தான் ஐடா ஸ்கட்டரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். சிகிச்சை இருந்தும் 'யார் உள்ளே வரலாம்' என்ற கேள்வியால் உயிர் போனது. இந்தக் கேள்வியை நினைவில் வையுங்க, திரும்ப வரும்.

10/
இதற்கிடையில் சிவகாசி மாறியது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். பின்னால் பட்டாசு, அச்சகம். மழை பொய்க்கிற ஊருக்குக் கஞ்சி ஊற்றியது இந்தத் தொழில்தான், மறுக்க முடியாது. ஆனால் அது வீட்டுப் பெண்களின் நேரத்தையும் வாங்கிக்கொண்டது. எண்ணிக்கைக் கூலி. எத்தனை கட்டை அடுக்கினாய், எத்தனை குரோஸ் ஒட்டினாய், அவ்வளவு காசு. லீவு போட்டால் காசு இல்லை.

11/
பேறுகாலம் பார்க்க வேண்டிய அம்மாவே இப்போ ஆபீசுக்குப் போற தொழிலாளி. விடியக் கருக்கலில் ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போன காலம் இருந்தது. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. 80-களில் அந்த வண்டியில் போன சிறுமிகள்தான் இன்றைக்கு மகளின் பிரசவத்துக்குத் துணைக்கு வரும் அம்மாக்கள். நிறையப் பேர் இன்னும் அதே வேலையில்.

12/
மறுபக்கம் தமிழ்நாட்டின் சாதனை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1992-93-ல் சுமார் நூற்றுக்கு 64 பிரசவங்கள்தான் ஆஸ்பத்திரியில். 2019-21-ல் 99.6. மூன்று செவிலியர்களோடு 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், சீமாங் மையங்கள், 108 ஆம்புலன்ஸ், 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி இன்று 18,000 ரூபாயாக இருக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்கள் இறந்த இடத்தில் (2001-03), 54 ஆனது (2018-20). இதில் வேலை செய்த ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியருக்கும் என் வணக்கம்.

13/
ஆனா ஆஸ்பத்திரி அரிவாளை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. அம்மாவையும் வெளியே நிறுத்தியது. 'இன்ஃபெக்ஷன் வரும்', 'கூட்டம் சேரும்', 'கேள்வி கேட்பாங்க' என்று காரணங்கள். வீட்டில் பத்துப் பேர் நடுவில் பெற்றவள், இங்கே டியூப் லைட் வெளிச்சத்தில், முகம் தெரியாதவர்கள் நடுவில் தனியாகப் படுத்திருந்தாள்.

14/
துணை இல்லாவிட்டால் என்ன ஆகும்? உடம்புக் கணக்கு சுலபம். பயம் வந்தால் அட்ரினலின் ஏறும். அது ஏறினால் கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தம் குறையும், வலியின் சீர் கெடும். 'வலி நின்னு போச்சு டாக்டர்' என்று வருவார்களே, அதில் ஒரு பங்கு இந்தப் பயம். தெரிந்த குரலும் முதுகைத் தடவும் கையும் இருந்தால் பயம் தணியும், ஆக்ஸிடோசின் தன் வேலையைச் செய்யும்.

15/
ஆதாரம் கேட்பீங்க. கேட்கணும்.
1980-ல் குவாத்தமாலாவில் ஒரு ஆய்வு. 40 தாய்மார்கள். பாதிப் பேருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் துணை. கையைப் பிடிப்பாள், பேசுவாள், முதுகு தேய்ப்பாள். துணை இல்லாதவர்களுக்கு அட்மிஷனிலிருந்து பிரசவம் வரை சராசரி 19.3 மணி நேரம். துணை இருந்தவர்களுக்கு 8.8.

16/
சின்ன ஆய்வுதானே என்றார்கள். 1991-ல் ஹூஸ்டனில் பெரிதாகச் செய்தார்கள். துணை இல்லாதவர்களில் சிசேரியன் நூற்றுக்கு 18. டூலா இருந்தவர்களில் 8. இன்னொரு குழு உண்டு: அறை மூலையில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்து குறிப்பெடுப்பாள். தொட மாட்டாள், பேச மாட்டாள். அந்தக் குழுவில் 13. அதாவது வாயே திறக்காமல் ஒருத்தி கூட இருந்ததற்கே எண்ணிக்கை இறங்கியது!
2017-ல் உலகெங்கும் நடந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே திசைதான். சிசேரியன் ஏறத்தாழ கால் பங்கு குறைவு.

17/
இதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தை நாம் 2004-லேயே கொண்டுவந்துவிட்டோம். மத்திய அரசு நாடு முழுக்கச் சொன்னது 2016-ல். உலக சுகாதார நிறுவனம் 'தாய் விரும்பும் துணை, எல்லாப் பெண்களுக்கும்' என்று பரிந்துரைத்தது 2018-ல்.

18/
சந்தோஷம். ஆனா நுணுக்கமா படிங்க. 2016 வழிகாட்டுதலில் துணை என்பவர் பெண் உறவினர், பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. மறைப்பு வசதி இருக்கும் இடத்தில் கணவரை அனுமதிக்கலாம். தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை, கடைசி வரை கூட இருக்கணும், சிகிச்சையில் தலையிடக்கூடாது. நியாயமான விதிகள்தான். பெண் உறவினர் இருக்கிறவர்களுக்கு.

19/
இல்லாதவர்கள்?
2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்து. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல். பெயர் பதியாத சின்னச் சின்ன விபத்துகள் வேறு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண்ணின் அம்மா போயிருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு யார் வருவார்?

20/
சாதி மாறிக் கட்டியதால் வீடு கதவடைத்த பெண். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவள். கணவனை இழந்தவள். ராஜபாளையம் மில்லுக்கு வேலைக்கு வந்த வடமாநிலத் தம்பதி, 'முக்கும்மா' என்றால் அவளுக்குப் புரியாது. காது கேளாத தாய், நாங்கள் மாஸ்க் போட்டுப் பேசினால் உதட்டைக்கூடப் படிக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள தாய், உறவுக்கே தெரியக்கூடாது என்று தனியாக வருகிறவள். துணை அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் நம் விதிப்படியான துணை இல்லை. திண்டிவனத்து ராத்திரியின் கேள்வி இதுதான்: யார் உள்ளே வரலாம்?

21/
அம்மா உயிரோடு இருக்கிறவர்களுக்கும் ஒரு சிக்கல். எங்க ஓபி-யில் தினமும் கேட்கிறது: "டாக்டரம்மா, வலி எப்ப வரும்னு சொல்லிருங்க, அன்னைக்கு மட்டும் லீவு போடுறேன். தீபாவளி ஆர்டர் ஓடுது." பெறுகிறவளுக்கு மகப்பேறு உதவி உண்டு. கூட நிற்கிறவளுக்கு அந்த நாலு நாள் கூலி யார் தருவது? அவள் வராததைப் பாசக்குறைவு என்று பேசாதீங்க.

22/
பெரிய நகரங்களில் காசு கொடுத்தால் பயிற்சி பெற்ற டூலா கிடைப்பார். நல்லதுதான். ஆனா பெட்டி ஒட்டுறவளுக்கு அது எட்டாது. என் ஆசை பெரிசு இல்லை, மூணே விஷயம்.
ஒண்ணு: துணை யார் என்பதைத் தாய் சொல்லட்டும். தோழியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, கணவரோ. கணவர் வர திரைச்சீலை வேணும், அவ்வளவுதானே. போட்டுக் கொடுங்க.
ரெண்டு: யாருமே இல்லாதவளுக்கு மருத்துவமனையே ஒரு பயிற்சி பெற்ற பெண்ணைத் தரட்டும். மகளிர் குழுக்களில் தேடினால் கிடைப்பார்கள். ஊதியம் உண்டு என்று சேர்த்தே சொல்லணும். மருத்துவச்சிக்குப் பழைய சேலை கொடுத்தனுப்பிய தப்பைத் திரும்பச் செய்யக்கூடாது.
மூணு: துணைக்கு நிற்கும் தாய்க்குக் கூலி இழப்பீடு.

23/
விருதுநகருக்கு 2022-ல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பார்டோகிராம் போடக் கத்துக்கோங்க, ரத்தப்போக்கை நிறுத்தக் கத்துக்கோங்க. உயிரைக் காப்பது அதுதான். கூடவே கதவுக்கு வெளிய உட்கார்ந்திருக்கிறது யாருன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. உள்ள கூப்பிடுங்க.

24/
கர்ப்பிணிகளுக்கும் வீட்டாருக்கும்: அரசு மருத்துவமனையில் பிரசவத் துணை கேட்பது சலுகை இல்லை, திட்டத்திலேயே உள்ளது. எட்டாம் மாசச் செக்கப்பிலேயே "யார் கூட இருக்கலாம்?" என்று கேட்டு வையுங்க. துணைக்கு வருபவர் நகம் வெட்டி, துவைத்த உடையில் வரட்டும். சாப்பிட்டுவிட்டு வரட்டும், பட்டினியோடு நின்று மயங்கி விழுந்த அம்மாக்களைப் பார்த்திருக்கேன். 'பொறுத்துக்கோ'ன்னு சொல்றதை விட 'நான் இருக்கேன்'னு சொல்லுங்க.

25/
அந்தத் துப்புரவுப் பணியாளர் அக்கா ஓய்வு பெற்றிருப்பாங்க. அன்னைக்குக் காலையில டூட்டி முடியும்போது அவங்ககிட்ட நன்றி சொல்லணும்னு எனக்குத் தோணல. கேஸ் ஷீட்ல 'நார்மல் டெலிவரி, நடத்தியவர்' என்ற இடத்துல என் பேரை எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்த இழை அவங்களுக்கு.

உங்க வீட்டுப் பிரசவத்துல யார் கூட இருந்தாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.