முடிவுரைக்கு ஒரு மதிப்பெண்

பவணந்தி முனிவரை உட்காரவைத்துப் பத்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்தச் சொன்னால், முடிவுரை எழுதியதற்காகவே பாதிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அவர் எழுதிய இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரைப் பகுதியில், அவர் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ஒன்று கூறியது கூறல். நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததோ, "மேலே எழுதினதையே சுருக்கித் திரும்ப ஒருவாட்டி சொல்லுல, அதான் முடிவுரை" என்பது.

நெல்லைப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் நான் திருத்திய கட்டுரை நோட்டுகளுக்கு அளவில்லை. அந்தப் பத்துக் குற்றங்களையும் சூத்திரமாக நெட்டுருப் போட்டபோது அவை எனக்குப் பெரிதாகப் படவில்லை. சிவப்பு மையோடு உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றுக்கும் முகம் தெரிந்தது. சென்று தேய்ந்து இறுதல் என்றால், முதல் பத்தியில் வள்ளுவரும் பாரதியும் வந்து நிற்க, கடைசி மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒற்றை வரியாகக் கரைந்துபோகும் கட்டுரை. மற்றொன்று விரித்தல் என்றால், பசுவைப் பற்றி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், வினாத்தாளில் தென்னை மரம் வந்ததும், பசுவைக் கொண்டுபோய் அந்தத் தென்னையில் கட்டிவிட்டுப் பசுவையே எழுதிய பையனின் கதை. அந்தப் பையன் எந்தப் பள்ளி என்று யாருக்கும் தெரியாது; எல்லாத் தமிழாசிரியரும் அவனைத் திருத்தியிருக்கிறோம்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்று அறை வீடு தமிழுக்கு ஆதியிலிருந்தே உள்ளது என்று நாங்கள் நம்பியிருந்தோம். முதல் அறை நம்முடையதுதான், சந்தேகமில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றரசன் சீயகங்கனுக்காக நன்னூல் செய்த பவணந்தி, வாசலுக்கே அத்தனை சூத்திரம் செலவழித்திருக்கிறார். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று பாயிரத்துக்கு வேறு பெயர்களே ஏழு. ஊருக்குக் கோபுரம் போல நூலுக்குப் பாயிரம் என்கிறார். எவ்வளவு விரிந்திருந்தாலும் பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்றும் அடித்துச் சொல்கிறார். சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று. யார், எங்கே, யாருக்காக, எதற்காக என்ற கேள்விகளை முடித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

இறையனார் களவியலுரையைத் திறந்து பார்த்தால் இது எப்படி நடந்தது என்று தெரியும். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் உரைநடைகளில் அது ஒன்று. விளக்க வேண்டியது அறுபது சூத்திரம். ஆனால் முதல் சூத்திரத்துக்குப் போவதற்கு முன்னால் மூன்று சங்கங்களின் கதை வந்துவிடுகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் என்ற பஞ்சம் வந்த கதையும், இந்த உரை யார் யார் வாயாக வழிவழி வந்தது என்ற பட்டியலும் வருகின்றன. காலமும் களமும் காரணமும் கேட்டார்கள் அல்லவா, அதற்கு விடை. சங்கக் கதையை வரலாறாக எடுப்பதா புனைவாக எடுப்பதா என்ற சண்டை வேறு. எனக்கு வேண்டியது, நூலின் வாசலில் ஒருவர் இவ்வளவு நேரம் நின்று பேச அனுமதி இருந்தது என்பதுதான்.

உள்ளே போனபின் பொருளை அடுக்கியது வினாவும் விடையும். உரை என்றால் என்னென்ன இருக்கும் என்று நன்னூல் பதினான்கு உறுப்பு சொல்கிறது: பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம், வினா, விடை, விசேடம், துணிவு என்று போகும். காண்டிகை என்ற சிறிய உரையிலும் வினா விடைக்கு இடம் உண்டு. தொல்காப்பிய உரையாசிரியர்களான இளம்பூரணரோ சேனாவரையரோ ஒன்றைச் சொன்ன மறுவரியில், எதிரில் ஒருவன் உட்கார்ந்து மறுப்பதுபோல ஒரு கேள்வியை எழுப்புவார்கள். அதற்குப் பதில் சொல்வார்கள். பதிலிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கும். துணைத்தலைப்பு இல்லை, பத்தி பிரிப்பு இல்லை. ஆனாலும் வழி தவறாது. ஐயம் தீர்ந்த இடத்தில் உரை நின்றுவிடும். 'இதுவரை நாம் கண்டவற்றால்' என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் முடித்துக் காட்டல், முடிவிடங் கூறல் என்று இரண்டு உண்டே என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு. மேலோர் முடித்த முறைப்படி பொருளை முடிப்பது முன்னது. எடுத்த பொருள் எங்கே முடிகிறது என்று சுட்டுவது பின்னது. இரண்டும் நூலின் கடைசிப் பத்தியைப் பற்றியவை அல்ல.

அச்சும் பள்ளிக்கூடமும் வந்தபின் கதை மாறுகிறது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் படிக்கப் பாலபாடங்களை எழுதினார். நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு, கள்ளுண்ணல் என்று ஒரு தலைப்புக்கு ஓர் உரைநடையாக இருக்கும். ஒரு தலைப்பு, அதன் கீழ் அதைப் பற்றி மட்டும் பேச்சு என்ற பழக்கம் தமிழ்ப் பிள்ளைகளின் கண்ணில் பதிந்ததற்கு நாவலருக்குப் பெரிய பங்கு உண்டு. புள்ளியும் காற்புள்ளியும் இட்டு, சந்தியைப் பிரித்துப் போட்டவரும் அவர்.

இன்னொரு பக்கம் ஆங்கிலம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஸ்காட்லாந்தில் அபர்தீன் பேராசிரியர் அலெக்சாந்தர் பெய்ன் 1866இல் ஆங்கிலக் கட்டுரை எழுதுவதற்கு ஒரு கையேடு வெளியிட்டார். எழுத்தை வருணனை, கதை, விளக்கம் முதலியனவாக வகைப்படுத்தி, பத்தி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்த புத்தகம் அது. அப்புறம் நெஸ்ஃபீல்டின் இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் நம்மூர்ப் பள்ளிகளில் புழங்கின. தமிழில் அப்போது கட்டுரையை வியாசம் என்பார்கள். செல்வக்கேசவராய முதலியாரின் தொகுப்புக்குத் தமிழ் வியாசங்கள் என்றே பெயர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் சொல்லிக்கொடுத்த மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதினார். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வதை அவர் ஏற்கவில்லை. பாட்டு ஓடும் வரிசையிலேயே பொருள் ஓட வேண்டும் என்றார். எனக்கு நச்சினார்க்கினியர் மேல் பிரியம் அதிகம். ஆனாலும் இந்த வழக்கில் அடிகள் பக்கம்தான். படிக்கிறவனின் கண் போகும் திசையில் எழுத்தும் போக வேண்டும் என்ற எண்ணம் அங்கே வந்துவிட்டது.

இவர்கள் யாரும் முடிவுரையைக் கட்டாயமாக்கியவர்கள் அல்ல. அதைக் கட்டாயமாக்கியது தேர்வு என்பது என் கட்சி. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு விளங்கும். கோடை வெயில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல், பக்கத்தில் விடைக்குறிப்பு. முன்னுரைக்கு இத்தனை, உட்தலைப்புக்கு இத்தனை, மேற்கோளுக்கு இத்தனை, முடிவுரைக்கு ஒன்று. பிள்ளைகளும் தெரிந்துதான் எழுதுகிறார்கள்: நீல மையில் எழுத்து, கறுப்பு மையில் தலைப்பு, தலைப்புக்கு அடியில் அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு. கோடு தெரிந்தால் மதிப்பெண் தெரியும்.

ஒரு வருடம் 'நான் கண்ட பொருட்காட்சி' என்ற தலைப்புக்கு ஒரு பிள்ளை எழுதிய தாள் வந்தது. அப்பா ராட்டினத்துக்குக் காசு எண்ணியது, டெல்லி அப்பளம் தம்பியின் முகத்தை மறைத்தது, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியது. பேருந்தில் ஏறியதோடு கட்டுரை நின்றுவிட்டது. முடிவுரை இல்லை. நான் முழு மதிப்பெண் போட்டேன். முதன்மைத் தேர்வாளர் ஒன்றைக் குறைத்தார். நான் பத்துக் குற்றத்தையும் எடுத்து வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, நீங்க சொல்லுதது சரிதான். இந்த அறையில எட்டுப் பேர் திருத்துதோம். ஆளுக்கொரு நன்னூல் வச்சிருந்தா பிள்ளைய கதி என்ன ஆவும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. எந்த ஊர்ப் பிள்ளை எழுதினாலும், யார் திருத்தினாலும், ஒரே மதிப்பெண் வர வேண்டும் என்றால் எண்ணிப் பார்க்கக்கூடிய உறுப்புகள் வேண்டும். பேருந்து ஓட்டத்தை எண்ண முடியாது. முடிவுரை இருக்கிறதா இல்லையா என்று எண்ணலாம். கோனார் உரை முதலிய கையேடுகள் இதைப் புரிந்துகொண்டு குறிப்புச் சட்டகத்தைக் கட்டம் போட்டுக் கொடுத்தன. அவற்றைக் குறை சொல்வது எளிது. தமிழ் தெரிந்த அப்பா அம்மா வாய்க்காத பிள்ளைக்கு அந்தக் கட்டம்தான் ஏணி.

ஆனால் முடிவுரையின் உள்ளே வரும் சங்கதி இருக்கிறதே, 'நாமும் மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்', 'நூலகம் சென்று அறிவு பெறுவோம்' என்று, அது பெய்னிடமிருந்தும் நெஸ்ஃபீல்டிடமிருந்தும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதன் சாயல் தேவாரத்தில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய பதிகங்களுக்குப் பெரும்பாலும் ஒரு சட்டகம் உண்டு. எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய பிரமனும் திருமாலும், பத்தில் சமணரும் பௌத்தரும். பதினொன்றாவதுதான் திருக்கடைக்காப்பு: பாடியவர் பெயர், அவர் ஊரான சீகாழியின் பன்னிரண்டு பெயர்களில் ஏதேனும் ஒன்று, பாட்டை ஓதுவோர் பெறும் பயன். முன்னால் பாடிய பத்தையும் அவர் சுருக்குவதில்லை. கையெழுத்துப் போடுகிறார், பயன் சொல்கிறார், முடிந்தது. நம் பிள்ளைகளின் முடிவுரையும் பயன் சொல்லித்தான் முடிகிறது. விடைத்தாளில் பெயரும் ஊரும் எழுதக்கூடாது என்பது தேர்வுத்துறை விதி. எழுதினால் அது முறைகேடு.