ஒரு நாள் வயதான கான்கிரீட் - வில்லோ ஐலண்ட், 1978



ஏப்ரல் 28 உலகத் தொழிலாளர் பாதுகாப்பு நாள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 27-க்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் பாடப்புத்தகங்களில் இல்லை. கட்டட வேலை பார்ப்பவர்களும் வீடு கட்டப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் வில்லோ ஐலண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. 1970-களில் அங்கே பிளசண்ட்ஸ் என்ற அனல்மின் நிலையம் கட்டினார்கள். அனல்மின் நிலையத்தில் சூடான நீரைக் குளிர்விக்க, இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போல வானுயரக் கோபுரம் எழுப்புவது வழக்கம். உள்ளே சூடான காற்று மேலே போகும், கீழிருந்து குளிர்ந்த காற்று புகும். மின்விசிறியே தேவையில்லை. பார்க்கப் பிரம்மாண்டமாக இருந்தாலும் அதன் சுவர் முட்டை ஓடு போல மெல்லியது.

இவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டுவது எப்படி? நம் ஊரில் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, தரையிலிருந்து மேலே போவோம். சாரத்தின் பாரம் தரைக்கு இறங்கிவிடும். சுவரோடு போடும் கட்டு, சாரம் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஆனால் நூற்றுக்கணக்கான அடி உயரக் கோபுரத்துக்கு அது சரிப்படாது. அதனால் வேறு முறை வைத்திருந்தார்கள். கோபுரத்தின் சுவரிலேயே போல்ட் போட்டுச் சாரத்தை மாட்டினார்கள். ஒவ்வொரு நாளும் 5 அடி உயரத்துக்கு ஒரு வளையம் கான்கிரீட் போடுவார்கள். மறுநாள் அச்சைக் கழற்றிச் சாரத்தையும் அச்சையும் மேலே ஏற்றி அடுத்த வளையத்தைப் போடுவார்கள். கோபுரம் வளர வளரச் சாரமும் கூடவே ஏறும். தரையில் ஒரு காலும் ஊன்றியிருக்காது. ஆட்கள், பலகைகள், அச்சு, கான்கிரீட் வாளியைத் தூக்கும் கிரேன்கள் என எல்லாப் பாரமும் சுவரின் மேல்தான் இருக்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சாரத்தின் மேல்பகுதி எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? நேற்றுப் போட்ட கான்கிரீட்டை!

1978 ஏப்ரல் 27, வியாழக்கிழமை. இரண்டாவது கோபுரம் 166 அடி உயரம் வளர்ந்திருந்தது. 28-ஆம் வளையம் முந்தைய நாள் போட்டது. அன்று 29-ஆம் வளையத்துக்கான வேலை தொடங்கியது. காலை 10 மணி கடந்த சிறிது நேரத்தில் ஒரு கிரேன் கான்கிரீட் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் 28-ஆம் வளையம் உடைந்து உள்பக்கமாகச் சரிந்தது. பிறகு அந்த உடைப்பு இரு பக்கமும் ஓடிச் சுற்றி வந்தது. வளையத்தோடு சாரமும் உரிந்து விழுந்தது. சாரத்தின் மேல் இருந்த 51 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தின் உறவினர்கள். ஒரு சிற்றூரில் ஒரே காலைப்பொழுதில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை ஆய்வகம் இதை விசாரித்தது. முதலில் எது உடைந்தது என்பதுதான் கேள்வி. கிரேனா, சாரமா, அடித்தளமா, கான்கிரீட்டில் கலந்த பொருள்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். விபத்து அவற்றில் தொடங்கவில்லை என்று தெரிந்தது. பிறகு அதே கலவையைச் செய்து, அன்றிருந்த குளிரிலேயே வைத்து, எவ்வளவு வலு ஏறுகிறது என்று சோதித்தார்கள். முடிவு தெளிவாக வந்தது: 28-ஆம் வளையம் அந்தப் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகவில்லை. கலவையில் குறையில்லை. போதிய நேரம் கொடுக்காததுதான் குறை.

இதில் ஒரு சிறு அறிவியல் உண்டு. கான்கிரீட் 'காய்கிறது' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டும் நீரும் சேர்ந்து வேதிவினை புரிவதால் இறுகுகிறது. அதனால்தான் தண்ணீர் ஊற்றி நனைக்கிறோம். குளிர் கூடினால் இந்த வினை மெதுவாகும். மார்கழியில் தயிர் உறைய நேரம் எடுப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். காரணம் வேறு என்றாலும் கணக்கு ஏறக்குறைய அதே மாதிரிதான். தயிர் உறையாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு போகும். கான்கிரீட் இறுகாவிட்டால்?

வில்லோ ஐலண்டில் நாளுக்கொரு வளையம் என்பது கால அட்டவணை. அட்டவணை கடிகாரத்தைப் பார்த்து ஓடியது, கான்கிரீட்டோ வெப்பநிலையைப் பார்த்து இறுகியது. இரண்டுக்கும் நடுவே 51 உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1971 ஏப்ரல் 28. அதற்குச் சரியாக ஏழு ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு இந்த விபத்து. சட்டம் இருந்தது. ஆனால் அது வேலைத்தளத்தின் உச்சிவரை ஏறவில்லை. ஒப்பந்ததாரர்கள் மீது போடப்பட்ட வழக்குகள் கடைசியில் மொத்தம் 85,500 டாலர் அபராதத்தில் முடிந்தன. வகுத்துப் பாருங்கள். ஒரு உயிருக்கு 1,700 டாலர்கூட வரவில்லை.

1988-இல் அங்கே கான்கிரீட் வேலைக்கான விதிகள் திருத்தப்பட்டன. பாரத்தைத் தாங்கும் வலு கான்கிரீட்டுக்கு வந்துவிட்டது என்று முறைப்படி உறுதி செய்யாமல் அச்சையோ முட்டையோ எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 'நேற்றுப் போட்டோம், இன்று தாங்கும்' என்ற வழக்கமான பேச்சு இனி சான்று ஆகாது என்பதே இதன் பொருள்.

நமக்கும் விதி இருக்கிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநூல், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இப்படிச் சொல்கிறது: தூண், சுவர் ஆகியவற்றின் பக்கவாட்டுப் பலகையை 16 முதல் 24 மணி நேரம் கழித்து எடுக்கலாம். தளத்தின் முட்டு 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். விட்டத்தின் முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஆனால் இவையெல்லாம் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடங்களுக்கு. மதுரையில் சரியான கணக்கு ஊட்டியின் டிசம்பர் இரவில் சரியாகாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 24 மணி நேரத்தில் பலகையை எடுக்கலாம் என்றால், தூண் தன் வடிவத்தில் நிற்கும் என்றுதான் பொருள். அதில் சாரத்தை மாட்டித் தொங்கலாம் என்று பொருள் இல்லை.

சாரத்துக்குத் தனியாக ஐ.எஸ். 3696 இருக்கிறது. அமெரிக்க விதி, சாரம் தன் எடையோடு, அதன் மேல் ஏற்றப்போகும் பாரத்தைப் போல நான்கு மடங்கையும் தாங்க வேண்டும் என்கிறது. அகலத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தால் சாயாமல் பிடித்துக் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. எதோடு கட்டுவது? முற்றிலும் இறுகிய தூண் என்றால் நான்கு பக்கமும் குழாய் கொடுத்து, கிளாம்ப் போட்டு, தூணை அணைத்த மாதிரி கட்டுவார்கள். ஆலைகளில் கைக்கு எட்டும் பெரிய குழாயைப் பார்த்ததும் 'இது அசையாது' என்று அதில் கட்டிவிடத் தோன்றும். உள்ளே கொதிநீரோ நீராவியோ ஓடலாம். சூட்டில் குழாய் நீளும், அதிரும். அதைத் தாங்கும் பிடிகள் அந்தக் குழாயின் பாரத்துக்குக் கணக்குப் போட்டவை, நம் சாரத்துக்கு அல்ல. பொறியாளர் கணக்குப் பார்த்து அனுமதிக்காமல் அதில் ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது.

என் மாணவர்களில் சிலர் இன்று வளைகுடா நாடுகளில் சாரம் கட்டும் வேலையில் இருக்கிறார்கள். பலர் மேஸ்திரிகள், சிலர் பொறியாளர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன், தம்பிகளே. சாரத்தில் ஏறும்போது பலகையைப் பார்க்கிறீர்கள், கிளாம்பை ஆட்டிப் பார்க்கிறீர்கள். நல்லது. கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 'இந்தச் சாரம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? அதற்கு வயது எத்தனை நாள்?' பதில் தெரியாவிட்டால் ஏறாதீர்கள். கேட்பவனைக் கோழை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீடு கட்டுகிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்டோம் என்று மேஸ்திரியை அவசரப்படுத்தி முட்டைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். கீழே நிற்கப்போவது ஒரு சித்தாளாகவும் இருக்கலாம், உங்கள் பேரனாகவும் இருக்கலாம்.

வில்லோ ஐலண்டில் அந்த 51 பேரின் பெயர்களையும் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. பெயரைக் கல்லில் வெட்டுவதைவிட, அவர்கள் உயிர் கொடுத்துக் கற்றுத்தந்த பாடத்தை வேலைத்தளத்தில் கடைப்பிடிப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கட்டட வேலையில் இருக்கும் உங்கள் உறவினர் யாருக்காவது இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.