ஒரே ஒரு வாக்கியம்... ஒரு வார்த்தை மாறினா அர்த்தமே மாறிடும்! மாடல் யுஎன் தீர்மானம் எழுதுவது எப்படி?

பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் மாடல் யுஎன் மாநாட்டுக்குப் போகும் மாணவர்கள், மேடையில் எப்படிப் பேசுவது என்றுதான் அதிகம் தயாராகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று நாள் விவாதம் முடியும்போது வாக்கெடுப்புக்கு வருவது பேச்சு அல்ல, ஒரு தாள். அதற்குப் பெயர்தான் தீர்மானம்.

நன்றாகப் பேசிய பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தீர்மானம் என்றால் என்ன, அதை எப்படி எழுதுவது, அதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏன் இவ்வளவு சண்டை நடக்கிறது? பார்க்கலாம்.

மாடல் யுஎன் அப்படின்னா என்ன?

ஐக்கிய நாடுகள் சபையைப் போலவே மாணவர்கள் நடத்தும் மாதிரி மாநாடு இது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு கொடுக்கப்படும். அந்த நாட்டின் பிரதிநிதியாக, அதாவது டெலிகேட்டாக, அவர் பேச வேண்டும். உங்களுக்கு பிரேசில் கிடைத்தால், உங்கள் சொந்தக் கருத்து என்னவாக இருந்தாலும் பிரேசில் அரசின் நிலைப்பாட்டைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968-ல் தொடங்கிய தீமுன் மாநாடு, பள்ளி மாணவர்களுக்கான பழைய மாநாடுகளில் ஒன்று. இன்று இந்தியாவிலும் பல நகரங்களில் இவை நடக்கின்றன.

தீர்மானம் முழுக்க ஒரே வாக்கியம்

இரண்டு பக்கம் இருந்தாலும் சரி, பத்து பக்கம் இருந்தாலும் சரி, ஒரு தீர்மானம் என்பது இலக்கணப்படி ஒரே ஒரு வாக்கியம். எழுவாய், அந்த அவையின் பெயர். 'பொதுச்சபை' என்று தொடங்கினால், கடைசி வரி வரை அந்தப் பொதுச்சபைதான் பேசுகிறது. முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று, கடைசியில்.

ஆங்கிலத்தில் படித்துக் குழம்புபவர்களுக்கு, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே இதைப் புரியவைத்துவிடும். நினைவுகூர்ந்து, கவலைகொண்டு, வரவேற்று... இவை வினையெச்சங்கள். வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். தீர்மானத்தின் முன்னுரைப் பகுதி முழுக்க இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றும் காற்புள்ளியில் முடியும்.

கேட்டுக்கொள்கிறது, பரிந்துரைக்கிறது, முடிவு செய்கிறது... இவை வினைமுற்றுகள். இவை வருவது செயல் பகுதியில். இங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் எண் உண்டு. ஒவ்வொன்றும் அரைப்புள்ளியில் முடியும். கடைசிப் பிரிவுக்கு மட்டும் முற்றுப்புள்ளி.

ஒரே ஒரு வித்தியாசம்: தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத் தீர்மானத்தில் அதுதான் முதலில் வரும்.

முன்னுரைப் பகுதி: 'ஏன்' என்பதற்கான பதில்

பிரச்சனை என்ன, இதுவரை என்ன செய்யப்பட்டிருக்கிறது, எந்த ஒப்பந்தத்தின் அடிப்படையில் பேசுகிறோம் என்பதைச் சொல்லும் இடம் இது. இங்கே புது யோசனை எதுவும் வரக் கூடாது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கமிட்டி, ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை. தலைப்பு, கடலில் கைவிடப்படும் மீன்பிடி வலைகள். 'பேய் வலை' என்று சொல்கிறார்களே, அதுதான். ஆள் இல்லாமலேயே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தத் தலைப்புக்கு, 'வலைகளைக் கடலில் போடுவதைத் தடை செய்ய வேண்டும்' என்று எழுதத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு, செயற்கை இழை வலைகள் உள்பட பிளாஸ்டிக் எதையும் கடலில் கொட்டக் கூடாது என்று ஏற்கெனவே சொல்கிறது. அது 1988 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. இருக்கிற தடையை மறுபடியும் கேட்டு என்ன பயன்?

இன்னொன்று, மீன்பிடிக் கருவிகளில் உரிமையாளரின் அடையாளத்தைப் பதிப்பதற்கான வழிகாட்டுதல்களை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2018-ல் ஏற்றது. ஆனால் அவை தன்னார்வ வழிகாட்டுதல்கள்தான், கட்டாயம் இல்லை.

இந்த இரண்டையும் முன்னுரையில் வைத்தாலே, அடுத்து எழுத வேண்டியது என்ன என்று தெரிந்துவிடும். தடை இருக்கிறது. ஆனால் கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அதற்கு யார் பணம் கொடுப்பது? உண்மையான விவாதம் அங்கேதான் இருக்கிறது.

செயல் பகுதி: 'யார், என்ன, எப்போது, எந்தப் பணத்தில்?'

இதுதான் தீர்மானத்தின் உயிர். பலரும் இப்படி எழுதுவார்கள்:

'கடல் மாசைத் தடுக்க உலக நாடுகள் உடனடியாகத் தீவிர நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

இதை எந்த நாடும் எதிர்க்காது. எந்த நாடும் செய்யவும் செய்யாது. ஏன்னா, செய்ய வேண்டியது என்ன என்பதே இதில் இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'1. மீன்பிடித் துறைமுகங்களில் பழைய வலைகளைப் பெற்றுக்கொள்ளும் மையங்களை அமைக்குமாறு கடலோர உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது, அவை:
அ) சிறு படகு மீனவர்களிடம் கட்டணம் வாங்காமல் இயங்க வேண்டும்,
ஆ) முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பெரிய துறைமுகங்களில் தொடங்கப்பட வேண்டும்,
இ) வளரும் நாடுகளில், விருப்ப நன்கொடையில் இயங்கும் நிதியிலிருந்து உதவி பெற வேண்டும்;'

இப்போது எதிர்க்கேள்வி கேட்க இடம் இருக்கிறது. 'விருப்ப நன்கொடை என்றால் யாரும் கொடுக்கலைன்னா?' என்று ஒரு டெலிகேட் எழுந்து கேட்பார். அது நல்லதுதான். கேள்வி கேட்க முடிகிற பிரிவுதான் உருப்படியான பிரிவு.

உங்க கமிட்டிக்கு அந்த அதிகாரம் இருக்கா?

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஐ.நா. சாசனத்தின் 25-வது பிரிவின்படி, பாதுகாப்பு கவுன்சிலின் முடிவுகளை உறுப்பு நாடுகள் ஏற்று நிறைவேற்ற வேண்டும். பொருளாதாரத் தடையோ ராணுவ நடவடிக்கையோ, அதற்கான அதிகாரம் சாசனத்தின் ஏழாவது அத்தியாயத்தில் அந்தக் கவுன்சிலுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது.

பொதுச்சபையால் நாடுகளுக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். அதன் பட்ஜெட் போன்ற உள்விவகாரங்களில்தான் அது கட்டுப்படுத்தும் முடிவு எடுக்க முடியும். அதனால் பொதுச்சபைக் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு, 'அந்த நாட்டுக்குப் படையை அனுப்ப முடிவு செய்கிறது' என்று எழுதினால், தலைவர் பேனாவை எடுத்து அடித்துவிடுவார். 'பரிந்துரைக்கிறது', 'வலியுறுத்துகிறது', 'அழைப்பு விடுக்கிறது' போன்ற வினைகள்தான் அங்கே பொருந்தும்.

ஒரு வார்த்தையால என்ன ஆகும்?

நிஜ ஐ.நா.வில் நடந்ததைப் பாருங்கள். குவைத்தை இராக் ஆக்கிரமித்தபோது, 1990 நவம்பர் 29 அன்று பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 678-வது தீர்மானத்தில் 'தேவையான அனைத்து வழிகளையும்' பயன்படுத்தலாம் என்ற சொற்றொடர் இருந்தது. ஐ.நா. மொழியில் அதற்கு ராணுவ பலமும் அடக்கம் என்று பொருள். வளைகுடாப் போர் அதன் பேரில்தான் நடந்தது.

2002 நவம்பர் 8 அன்று, மறுபடியும் இராக் விவகாரம். 1441-வது தீர்மானம், 15 நாடுகளும் ஆதரித்து ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் அதில் இருந்தது 'கடுமையான விளைவுகள்' என்ற சொற்கள். அது போருக்கான அனுமதியா, இல்லையா? 2003-ல் அமெரிக்கா தலைமையில் படையெடுப்பு நடந்தபோது இதே கேள்விதான் உலகம் முழுக்க விவாதிக்கப்பட்டது. எல்லோரும் கையெழுத்துப் போடும் அளவுக்குப் பொதுவாக எழுதப்பட்ட சொல், பிறகு ஆளுக்கொரு அர்த்தம் தந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. இலங்கை தொடர்பான தீர்மானம் ஒன்று 2012 மார்ச் 22 அன்று ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் 24-15 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 8 நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா ஆதரித்தது. இலங்கைக்கான ஐ.நா. ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் அந்நாட்டு அரசுடன் 'கலந்தாலோசித்து, அதன் ஒப்புதலுடன்' வழங்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. இந்தியாவின் வற்புறுத்தலால் சேர்ந்த வார்த்தைகள் இவை என்று அப்போது பரவலாகச் செய்தி வெளியானது. 'கலந்தாலோசித்து' என்றால் பேசினால் போதும். 'ஒப்புதலுடன்' என்றால், அந்த அரசு சம்மதிக்காவிட்டால் ஒன்றும் நகராது.

அடுத்த ஆண்டு, 2013 மார்ச்சில், அடுத்த வரைவு நீர்த்துப்போனது என்ற கோபத்தில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் போராட்டமாகப் பரவியது. 'இனப்படுகொலை' என்ற சொல்லைச் சேர்க்க இந்தியா திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று கோரிய திமுக, மார்ச் 19 அன்று மத்திய கூட்டணி அரசிலிருந்து வெளியேறியது. இரண்டு நாள் கழித்து, அந்தச் சொல் இல்லாமலேயே தீர்மானம் நிறைவேறியது.

டிராஃப்ட் முதல் வாக்கெடுப்பு வரை

முதலில் ஒத்த கருத்துள்ள நாடுகள் சேர்ந்து 'வொர்க்கிங் பேப்பர்' எழுதும். இது வெறும் யோசனைகளின் தொகுப்பு. தலைவர் ஏற்றுக்கொண்டால் அது வரைவுத் தீர்மானம் ஆகும்.

தாளின் மேலே கமிட்டியின் பெயர், தலைப்பு, ஸ்பான்சர்கள், சிக்னேட்டரிகள் இருக்கும். ஸ்பான்சர் என்பவர் எழுதியவர், ஆதரிப்பவர். சிக்னேட்டரி என்பவர் 'இது விவாதத்துக்கு வரட்டும்' என்று மட்டும் சொல்பவர். கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்த்து வாக்களிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும். விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

பிறகு திருத்தங்கள். எல்லா ஸ்பான்சர்களும் ஒத்துக்கொண்டால் அது நட்புத் திருத்தம், வாக்கெடுப்பு இல்லாமலே சேரும். ஒருவர் மறுத்தாலும் வாக்கெடுப்புதான்.

கடைசியாகத் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு. பாதுகாப்பு கவுன்சில் என்றால் 15-ல் 9 வாக்குகள் வேண்டும். முக்கியமான விஷயங்களில், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் தீர்மானம் தோற்றுவிடும்.

வீட்டிலேயே எழுதிட்டுப் போகலாமா?

தீமுன் பாணி மாநாடுகளில் முன்கூட்டியே எழுதிக் கொண்டுவரச் சொல்வார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக பாணி மாநாடுகளில் அதற்குத் தடை இருக்கும், மீறினால் விருது வாய்ப்பு போய்விடும். ஏஐ கருவியில் எழுதி வாங்கிக்கொண்டு போவதற்கும் இதே சிக்கல்தான். அது தரும் வரிகள் அழகாக இருக்கும். ஆனால் 'இந்த நிதியை யார் நிர்வகிப்பார்?' என்று எதிரணி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

- இதில் உள்ள ஒவ்வொரு வினையும் உங்கள் கமிட்டியின் அதிகாரத்துக்குள் வருகிறதா?
- ஒவ்வொரு செயல் பிரிவிலும் யார், என்ன, எப்போது, எந்தப் பணத்தில் என்பது இருக்கிறதா?
- நீங்கள் கேட்பது ஏற்கெனவே ஏதாவது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?
- ஆண்டு, ஒப்பந்தப் பெயர், தீர்மான எண் சரியா?
- உங்கள் நாடு நிஜத்தில் இதற்கு ஆதரவாக வாக்களிக்குமா?
- முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்றுதானா?

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. உங்கள் தீர்மானத்தை அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்ததாக நினைத்துப் பாருங்கள். வலை மையம் பற்றிய அந்தப் பிரிவைப் படித்ததும், ஒரு துறைமுக அதிகாரிக்குத் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். தெரிந்தால், நீங்கள் எழுதியது தீர்மானம். தெரியலைன்னா, அது இன்னும் பேச்சுதான்.