24 அடி எங்கிருந்து வந்தது?

கிறிஸ்டினா என்ற உல்லாசக் கப்பலைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ், ஸ்டார்மான்ட் என்ற பழைய கனடியப் போர்க்கப்பலைக் காயலான் விலைக்கு வாங்கி மகளின் பெயரைச் சூட்டினார். மோனாக்கோ இளவரசரின் திருமண விருந்து, சர்ச்சிலின் பயணங்கள், மரியா காலஸ் என்று கதை அதன்பின் விருந்தாளிகள் பக்கம் போய்விடும். என்னைப் பிடித்துக்கொண்டது நீளக் கணக்குதான். போர்க்கப்பலாக இருந்தபோது அதன் நீளம் 301 அடி 6 அங்குலம். உல்லாசக் கப்பலாக வெளிவந்தபோது ஏறத்தாழ 325 அடி. நடுவில் 24 அடி முளைத்திருக்கிறது. பெரும்பாலான நூல்கள் "மாற்றியமைக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு இதைக் கடந்துவிடுகின்றன.

முதலில் இரண்டும் ஒரே கப்பல்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். பெயரும் கொடியும் மாறிய கப்பலைத் தேடும்போது பெயரை நம்பக் கூடாது. கட்டிய இடத்தையும் உடல் அளவையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கனடாவின் போர்க்கப்பல்களைப் பட்டியலிடும் மக்பெர்சன், பர்ஜெஸ் இருவரின் நூலில் ஸ்டார்மான்ட் இருக்கிறது. ரிவர் வகைப் பிரிகேட், அடையாள எண் கே 327, மான்ட்ரியாலின் கனடியன் விக்கர்ஸ் தளத்தில் கட்டப்பட்டு 1943 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு நார்மண்டித் தரையிறக்கத்தின்போது கடலில் காவல் நின்றது.

மான்ட்ரியால் என்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு மேலே செயின்ட் லாரன்ஸ் கால்வாய்களின் மடைகள் அந்நாளில் சிறியவை. சுமார் 255 அடிக்கு மேற்பட்ட கப்பல் நுழையாது. அதனால் சிறிய கொர்வெட்டுகளைக் கட்டிய பேரேரித் தளங்களால் இந்தப் பிரிகேட்டுகளைக் கட்டி அனுப்ப முடியவில்லை.

அடுத்தது டன். ஒப்பிடுகிறவர்கள் பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். போர்க்கப்பலுக்குச் சொல்லப்படும் 1,445 டன், அது விலக்கும் நீரின் எடை. தனியார் கப்பலின் பதிவு டன்னோ மூடிய உள்ளிடத்தின் கொள்ளளவு, 100 கன அடி ஒரு டன். பெயர் ஒன்றென்பதால் இரண்டையும் அருகருகே வைத்துக் கப்பல் வளர்ந்ததாகவோ சுருங்கியதாகவோ எழுதுவது வீண்வேலை. அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு அகலத்துக்கு வந்தேன். பிரிகேட்டின் அகலம் 36 அடி 6 அங்குலம். கிறிஸ்டினாவின் அகலமும் அதேதான். உடலின் நடுப்பகுதியைப் பருமனாக்கவில்லை.

நீளம் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. கப்பலை நடுவில் குறுக்கே வெட்டி, இரு துண்டுகளையும் விலக்கி, இடையில் புதிய துண்டைப் பற்றவைப்பது ஒன்று. சரக்குக் கப்பல்களுக்கு இது வழக்கம். முனைகளை மட்டும் நீட்டுவது மற்றொன்று. கடற்படைக் காலத்துப் பக்கவாட்டுப் படத்தையும் 1950களின் படங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பிரிகேட்டின் மூக்கு லேசாகச் சாய்ந்து நேரே நீருக்குள் இறங்குகிறது. கிறிஸ்டினாவின் மூக்கு வளைந்து, நீர்மட்டத்துக்கு வெகு முன்னால் காற்றில் நீண்டு நிற்கிறது, பழைய பாய்க்கப்பலின் சாயலில். ஆழ்கடல் குண்டுகளை உருட்டிவிடும் தண்டவாளங்கள் இருந்த பின்பகுதியும் புதிய வடிவம் பெற்றிருக்கிறது. அங்கேதான் மொசைக் தரையோடு நீச்சல் குளம். தரையை மேலே உயர்த்தினால் நடனமேடை. பழைய நீராவி இயந்திரங்கள் 1990களின் இறுதிவரை உள்ளே இருந்தன. இவற்றையெல்லாம் சேர்த்து நான் வந்த முடிவு: கூடிய நீளத்தில் பெரும்பகுதி நீருக்கு மேலே, முனைகளில் இருக்கிறது. நீருக்குள் ஓடுவது 1943இன் உடல்தான். விலை 34,000 டாலர், மாற்றிய செலவு 40 லட்சம் டாலர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் இந்த உடலுக்கு உரிய பங்கு அந்த 34,000 மட்டுமே. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

வேலை நடந்தது ஜெர்மனியின் கீல் நகரில், ஹோவால்ட்ஸ்வெர்க்கே தளத்தில், 1954இல். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சீசர் பின்னாவ். ஏன் கீல் என்று தேடிப்போன இடத்தில்தான் எதிர்பாராத கதவு திறந்தது. 1950இல் ஒனாசிஸ் திமிங்கில வேட்டையில் இறங்கியிருந்தார். ஒலிம்பிக் சேலஞ்சர் என்ற தாய்க்கப்பல், எண்ணெய்க் கப்பலாக இருந்து அதே கீல் தளத்தில் உருமாறியது. அதோடு சென்ற வேட்டைக் கப்பல்களும் போர் முடிந்து கழித்துவிட்ட கொர்வெட்டுகளே. ஒலிம்பிக் விக்டர் முன்பு கனடாவின் மிமிக்கோ. ஒலிம்பிக் குரூசர் முன்பு ஃபெனல்.

ஆக, பிரிகேட்டை வாங்கியது பணக்காரரின் திடீர் ஆசை அல்ல. போர்க்காலத்து இரும்பை மலிவாக எடுத்து, தெரிந்த தளத்தில், பழகிய கைகளால் வேறொன்றாக்குவது அவருடைய தொழில் முறையாகவே இருந்தது. உல்லாசக் கப்பல் அதில் அடுத்த உருப்படி. கப்பலின் மதுக்கூடத்தில் திமிங்கிலப் பல்லால் கைப்பிடியும் கால்தாங்கியும் செய்திருந்ததை இதுவரை ஆடம்பரக் கதையாகத்தான் படித்திருந்தேன். அவை அவருடைய சொந்தத் தொழிலின் சரக்கு.

வேட்டைத் தொழில் நீடிக்கவில்லை. 1954 நவம்பரில், தன் கரையிலிருந்து 200 மைல்வரை தனது கடல் என்று உரிமை கொண்டாடிய பெரு நாடு அந்தக் கப்பல்களில் சிலவற்றைச் சிறைபிடித்தது. 1956இல் தாய்க்கப்பலும் வேட்டைக் கப்பல்களும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. கிறிஸ்டினாவை மட்டும் அவர் விற்கவில்லை. 1975இல் இறக்கும்வரை வைத்திருந்தார். மகள் அதைக் கிரேக்க அரசுக்குக் கொடுத்தபோது கப்பலுக்கு ஆர்கோ என்று மூன்றாவது பெயர் வந்தது.