நீதிபதிகளின் ஒழுங்குத் தண்டனை வழக்குகளில் செலவுத்தொகை

கீழ்நிலை நீதிபதியொருவர் தம்மீது விதிக்கப்பட்ட ஒழுங்குத் தண்டனையை எதிர்த்து வழக்காடி வென்றபின், அதற்கெனத் தாம் செலவிட்ட பொருளை எதிர்த்தரப்பிடமிருந்து மீட்டுப் பெறுதல். அரசியலமைப்பின் 235ஆம் பிரிவு கீழ்நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாட்டை உயர்நீதிமன்றத்திடம் ஒப்படைத்திருப்பதால், 2004 ஜூலை முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குட்பட்டுள்ள நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை முதலிய ஊர்களின் நீதிபதி, தம்மைத் தண்டித்த உயர்நீதிமன்றத்தையே பிரதிவாதியாக்கி, அதன் சந்நிதியிலேயே 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுச் செய்யவேண்டியவராகிறார். இது மிகக் கடினமான நிலை. தோற்றவரே செலவு தரவேண்டும், அதனை மறுப்பின் காரணத்தை எழுதவேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு ரிட் மனுக்களை நேரே கட்டுப்படுத்தாது. ஆகவே செலவு நீதிமன்றத்தின் விவேகத்தைச் சார்ந்ததாகி, ‘செலவுத்தொகை இல்லை’ என்றே தீர்ப்புகள் பெரும்பாலும் முடிகின்றன. குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றவருக்குக் காரணம் கூறாமல் செலவை மறுப்பது நியாயமன்று.