வாசலில் கிடப்பவரைக் கேட்போம்

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. உங்கள் ஊரில் கறுப்பின மக்கள் சமமாக நடத்தப்படுகிறார்களா என்ற கேள்விக்கு, வெள்ளையரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ‘ஆம்’ என்றார்கள்.

அதே ஆண்டில், கறுப்பினக் குடும்பங்களின் வருமானம் வெள்ளையர் குடும்பங்களின் வருமானத்தில் ஏறத்தாழ பாதிதான். தென் மாநிலங்களில் அவர்களில் மிகப் பலரால் வாக்களிக்க முடியவில்லை. செப்டம்பர் 15, ஞாயிறு காலையில், பர்மிங்ஹாம் நகரின் பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து, நான்கு சிறுமிகள் மாண்டார்கள்.

‘ஆம்’ என்றவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று கூற முடியாது. தனித் தெரு, தனிப் பள்ளி என்று வாழ்ந்தவர்களுக்கு அடுத்தவர் துயரம் கண்ணில் படவில்லை. ‘நான் யாரையும் வெறுக்கவில்லையே’ என்ற எண்ணம் அவர்கள் மனச்சான்றை உறங்க வைத்தது.

திருஅவையும் இதற்கு விலக்கல்ல. அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்டனை ஏற்க அமெரிக்கக் குருமடம் ஒன்றுகூட முன்வரவில்லை. அவர் உரோமையில் படித்து, 1886-இல் அங்கேயே குருவானார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

லூக்கா நற்செய்தியில் வரும் செல்வர் இலாசரை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. வாசலில் கிடந்தவரைக் கண்டுகொள்ளவில்லை. அதுவே அவர் பாவம். நம்மிடையே சமத்துவம் உண்டா என்று அறிய வேண்டுமானால், விருந்தில் அமர்ந்திருப்பவரைக் கேட்டுப் பயனில்லை. வாசலில் கிடப்பவரைக் கேட்போம். ஆமென்.