மழைக் கணக்கும் மகசூல் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், கடலூர் மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் காலை காப்பி வேளைக்கு ஒரு பட்டியல் வந்து விழும். பரங்கிப்பேட்டை, சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, விருத்தாசலம், குப்பநத்தம், பெலாந்துறை, வேப்பூர், காட்டுமயிலூர், தொழுதூர், கீழ்ச்செருவாய், லக்கூர் என்று ஊர்ப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை, மில்லிமீட்டரில். மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விருத்தாசலத்துக்கும் அப்பால் இருக்கும் மங்களூர் ஒன்றியத்து விவசாயி (கர்நாடகத்துத் துறைமுக நகரம் வேறு) இதில் தேடுவது லக்கூரையும் தொழுதூரையும்தான். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவருக்கு அந்த எண் அன்றைய வேலையையே தீர்மானிக்கும்: களையெடுக்க ஆள் சொல்வதா, யூரியா போடுவதா, இன்னும் ஒரு நாள் பொறுப்பதா.

அதே வயலைப் பற்றி அதே அரசு இன்னொரு எண்ணையும் கணக்கிடுகிறது. மக்காச்சோளம் எக்டேருக்கு எத்தனை கிலோ விளைந்தது என்ற மகசூல் எண் அது. பயிர் காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பதை முடிவு செய்வது அதுதான். ஆனால் அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் பார்த்ததாகச் சொல்லும் ஆளைக் காண்பது அரிது. மழை எண் தினமும் வீடு தேடி வருகிறது. மகசூல் எண் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஒரு தொகையாகவோ, தொகை வராத வெறுமையாகவோதான் தெரியவருகிறது. இரண்டும் அரசுப் புள்ளிவிவரம், இரண்டும் இணைய காலத்தில் கணக்கிடப்படுபவை. இருந்தும் ஏன் இந்த இடைவெளி?

மழை எண் பிறக்கும் விதம் எளிமையானது. ஒரு புனல், ஒரு குடுவை, அளவுகோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. காலை 8.30 மணிக்கு ஊழியர் குடுவையில் சேர்ந்த நீரைக் குவளையில் ஊற்றிப் படித்து, மேலே தகவல் சொல்கிறார். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. அதனால் இன்றைய தேதியிட்ட மழையில் பெரும்பகுதி நேற்றுப் பெய்ததாக இருக்கும். சென்னை வானிலை மையத்தின் அறிக்கை சென்டிமீட்டரில் வரும். மாவட்டப் பட்டியல் மில்லிமீட்டரில் வரும். 4 மி.மீ. தூறல் மாவட்டப் பட்டியலில் இருக்கும், முழு சென்டிமீட்டராக்கிய அறிக்கையில் காணாமல் போகும். இந்தக் குழப்பங்களை அரசு அறிவிப்புகளைவிடப் பொறுமையாக மக்களுக்கு விளக்கியவர்கள் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள். அரசு அளந்த எண்ணை எடுத்து, அது எந்த 24 மணி நேரத்துக்கானது, பக்கத்து ஊரில் ஏன் குறைவு என்று ஃபேஸ்புக்கில் அவர்கள் எழுதி எழுதியே ஒரு தலைமுறை மழை அளவு படிக்கப் பழகிவிட்டது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலில் மயிலம் 51 செ.மீ. என்ற செய்தி வந்தபோது, அது எவ்வளவு பயங்கரம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மழை எண்ணும் குறையில்லாதது அல்ல. லக்கூரில் மழைமானி இருக்கிறது. என் வயல் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் கொட்டி அந்தப் பக்கம் புழுதி பறக்கும் மழை இங்கே சாதாரணம். அது விவசாயிக்கும் தெரியும். “லக்கூர்ல அவ்ளோ காட்டுதா? நம்ம பக்கம் அதுல பாதிகூட இல்லப்பா” என்று அவர் சொல்லும்போது அந்த எண்ணை அவர் தள்ளிவிடவில்லை, தன் வயலுக்குத் தக்கபடி திருத்திக்கொள்கிறார். இடமும் நேரமும் அலகும் கையில் இருப்பதால்தான் அவரால் அப்படித் திருத்த முடிகிறது. ஒரு புள்ளிவிவரம் மக்களுடையதாக ஆவதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இனி மகசூல். 2016இல் தொடங்கி இன்றுவரை பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டம் தனித்தனி வயலின் இழப்பைக் கணக்கிடுவதைவிட, ஒரு பகுதியின் சராசரியையே முதன்மையாக நம்புகிறது. தமிழ்நாட்டில் நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமம். மக்காச்சோளம், பருத்தி போன்றவற்றுக்குப் பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிர்கா. பிர்காவில் குறைந்தது 10 இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்க வேண்டும். சர்வே எண்ணையும், வயலுக்குள் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் சீரற்ற எண்களைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறார்கள். நெல்லென்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டு, காயவைத்து மறுபடி எடை பார்ப்பார்கள். பருத்தியை ஒரே நாளில் முடிக்க முடியாது. ஒவ்வொரு எடுப்பையும் தனியாக நிறுத்துக் கூட்ட வேண்டும். அலுவலர், வயல்காரர், சில நேரம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் ஆகியோர் சுற்றி நிற்பார்கள். சராசரி வந்ததும் உத்தரவாத மகசூலுடன் ஒப்பிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, 70, 80 அல்லது 90 சதவீதத்தால் பெருக்கினால் வருவது அது. ஒரு பேச்சுக்கு உத்தரவாதம் 2,000 கிலோ, கிடைத்தது 1,500 கிலோ என்றால், குறைவு கால் பங்கு. 30,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவருக்கு 7,500 ரூபாய். 2,010 கிலோ விளைந்ததாகக் கணக்கு வந்தால் பூஜ்யம்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. இதைப் புரியவைக்க முடியாது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆனால் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டங்களில் மாதந்தோறும் கேட்கும் கேள்வி, “பக்கத்து ஊருக்கு வந்திருக்கு, எங்களுக்கு ஏன் இல்ல?” என்பதுதான். பக்கத்து ஊர் வேறு பிர்கா என்பதோ, அங்கே எந்தத் தேதியில் எத்தனை இடத்தில் அறுத்தார்கள் என்பதோ கேட்பவருக்குத் தெரியாது. பதில் சொல்பவர் மேசையிலும் பல நேரம் அது இருப்பதில்லை.

இந்த எண்ணைக் கேள்வி கேட்கப் போதிய காரணம் வரலாற்றிலேயே உண்டு. பீகார்–ஒரிசாவில் நெல் மகசூலுக்கு மாதிரிக் கணக்கெடுப்பை நடத்தி 1927இல் எழுதிய ஹப்பாக் மிகச் சிறிய துண்டுகளை வெட்டினார். புள்ளியியலாளர் மகலனோபிஸும் வங்கத்தில் சிறிய வெட்டுகளையே விரும்பினார். 1940களில் இன்னொரு புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே அதை மறுத்தார்: வெட்டும் துண்டு சிறுத்தால் ஓரத்தில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பழக்கம் மகசூலைக் கூட்டிக்காட்டும் என்று களச் சோதனையால் நிறுவினார். கயிற்றின் மேலேயே நிற்கும் ஒரு தட்டை உள்ளா வெளியா என்ற சின்னக் கேள்வி, எக்டேருக்குப் பெருக்கும்போது பெரிதாகிறது. மகசூல் கூடினால் காப்பீடு குறையும். சுகாத்மேவுக்குத் தெரிந்த இந்த நுணுக்கம் ஒரு மங்களூர் விவசாயிக்குத் தெரிந்தால் என்ன கெட்டுப்போகும்? பரிசோதனை நடக்கும் அன்று கயிற்றருகே போய் நிற்பார், அவ்வளவுதான்.

நியாயமாகப் பேசினால், இரண்டு எண்ணும் சமமான சுமை தூக்குவதில்லை. லக்கூரில் 5 மி.மீ. கூட்டிச் சொன்னால் யாருக்கும் பணம் கைமாறாது. மகசூல் எண்ணின் மேல் கோடிக்கணக்கான ரூபாய் தொங்குகிறது. தேர்வான சர்வே எண்ணை வெகு முன்பே வெளியிட்டால் முறைகேட்டுக்கு வழி திறக்கும் என்ற அச்சம் நியாயமானதே. பருத்திக்குக் காலதாமதமும் தவிர்க்க முடியாதது. இவை அறுவடைக்கு முன் மௌனம் காக்கக் காரணங்கள். அறுத்து, எடைபோட்டு, முடித்த பிறகும் மௌனம் தொடர்வதற்கு இவற்றில் எதுவும் காரணமாகாது. அதிலும் இப்போது பரிசோதனை விவரங்கள் செல்பேசிச் செயலியில் படத்துடனும் இடக் குறிப்புடனும் மேலே ஏறுகின்றன. இணையம் வயலிலிருந்து டெல்லிக்குப் போக வழி போட்டுவிட்டது. டெல்லியிலிருந்து வயலுக்குத் திரும்பும் வழிதான் இல்லை. இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் விண்ணப்பத்தின் நிலை தெரியும். தன் பிர்காவின் பத்துச் சோதனைகள் தெரியாது. இ-சேவை மையத்தில் பணம் கொடுத்து அச்செடுத்து வரும் தாளிலும் அவை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு இவற்றை வாங்க முடியும். ஆனால் 2005ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறது. மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்கள் அதில் அடக்கம்.

நாட்டு அளவில், கேட்காமலே எண்ணை வெளியிடும் இந்த ஒழுக்கம் புதிதல்ல. சில்லறை விலைக் குறியீடு மாதந்தோறும் 12ஆம் தேதி வெளியாகும் என்பது முன்கூட்டியே தெரியும். சந்தையே அந்த மணியைப் பார்த்துக் காத்திருக்கும். ஐக்கிய நாடுகள் 1994இல் ஏற்ற அரசுப் புள்ளியியல் அடிப்படைக் கொள்கைகள், எண்ணோடு அதன் ஆதாரத்தையும் முறையையும் சொல்லச் சொல்கின்றன. மும்பை பங்குத் தரகருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, பிரீமியம் கட்டிய மானாவாரிக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மழைப் பட்டியலின் வடிவமே போதும். பிர்கா பெயர்; பயிர்; சோதனை நடந்த கிராமங்கள், தேதிகள்; ஒவ்வொன்றிலும் கிடைத்த எடை; சராசரி; உத்தரவாத மகசூலும் அதற்கு எடுத்துக்கொண்ட 5 ஆண்டுகளும்; கடைசியில் இழப்புச் சதவீதம். வயல்காரர் பெயர் வேண்டாம். தமிழில், ஒரு பக்கம். மகசூல் விவரத்தை அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்குள் மாநிலம் தரவேண்டும் என்று திட்டத்தின் விதியே சொல்வதால், வெளியிடும் தேதியையும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். செல்பேசியைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றியத்தில் நிறைய. தை, மாசியில் அறுத்த மக்காச்சோளத்தின் கணக்கு மே 1 கிராம சபைக்குள் வந்துவிட்டால், கூட்டத்தில் வேளாண் அலுவலரை வைத்துக்கொண்டே அதை வாசிக்கச் சொல்லி, எந்த ஊரில் எத்தனை கிலோ என்று வரிவரியாகக் கேட்கலாம்.